அந்த முக்கோணத்தில் பாட்டி எந்தப் படியில்?

கேள்வி: என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பண்டைய எகிப்தின் சமூக அமைப்பைப் பற்றி சார்ட் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முக்கோணம் வரைந்து, உச்சியில் பாரோ மன்னர், அடுத்தடுத்து பூசாரிகள், எழுத்தர்கள், படைவீரர்கள், கைவினைஞர்கள், உழவர்கள், அடியில் அடிமைகள் என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "பாட்டி, இதில் அம்மா எங்கே, பாட்டி எங்கே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நாட்டில் அண்ணன் தங்கையே கல்யாணம் செய்துகொள்வார்களாமே என்றும் கேட்கிறாள். அதற்கு என்ன சொல்ல?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் நானும் அந்த முக்கோணத்தை வரைந்து கலர் அடித்திருக்கிறேன். அதில் அம்மா இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. உங்கள் பேத்திக்குத் தோன்றியிருக்கிறது. அதற்காகவே அவளுக்கு ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள்.

முக்கோணம் தப்பில்லை. நைல் ஆண்டுதோறும் பெருகி வடியும். வண்டல் படிந்த நிலத்தில் உழவர்கள் விளைவிப்பார்கள். விளைச்சலில் ஒரு பங்கு அரசுக்கும் கோயிலுக்கும் போகும். எழுத்தர் அதை அளந்து கணக்கெழுதுவார். நாணயம் புழங்காத காலம் என்பதால் அதே தானியம் மற்றவர்களுக்குக் கூலியாகத் திரும்பி வரும். யார் கொடுத்தார்கள், யார் அளந்தார்கள், யார் வாங்கித் தின்றார்கள் என்பதைத்தான் அந்த முக்கோணம் காட்டுகிறது. வீட்டுக்குள் நடந்தது தெரிய வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஊருக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். நல்லவேளையாக அப்படி ஓர் ஊர் நமக்குக் கிடைத்திருக்கிறது.

லக்சோர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் தெய்ர் எல்-மதீனா என்று ஓர் இடம். மன்னர்களின் பள்ளத்தாக்கில் அரசர்களுக்குக் கல்லறை குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளிகளின் ஊர் அது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் மக்கள் அங்கே குடியிருந்தார்கள். மதில் சுவருக்குள் 68 வீடுகள், நடுவில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடு. ஒவ்வொன்றும் ஒடுக்கமாக, அறைக்குப் பின் அறையாக உள்ளே போகும். கடைசியில் வானம் பார்த்த அடுப்படி, மாடிக்கு ஏற ஒரு படிக்கட்டு. முன்னறைச் சுவர்கள் சிலவற்றில் பெஸ் என்ற குள்ள உருவத் தெய்வத்தைத் தீட்டியிருக்கிறார்கள். பிரசவத்தையும் கைக்குழந்தையையும் காப்பவர் அவர். ஊருக்குள் கிணறு கிடையாது. தண்ணீரைக் கீழேயிருந்து கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவர வேண்டும்.

ஒரு தொழிலாளிக்கு மாதக் கூலி ஐந்தரை மூட்டை தானியம். மூட்டைக்கு ஏறக்குறைய 76 லிட்டர். நாலு மூட்டை ரொட்டிக்கான கோதுமை (நம் சம்பா கோதுமையின் வகை), ஒன்றரை மூட்டை பீருக்கான பார்லி. அவர்கள் காலண்டரில் வாரத்துக்குப் பத்து நாள். வேலை நாட்களில் ஆண்கள் இரவிலும் வீட்டுக்கு வராமல் மலை மேல் குடிசைகளிலேயே தங்கிவிடுவார்கள். ஆகவே வாரத்தின் பெரும்பகுதி அந்தத் தெருவில் இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும்தான். மாவரைத்து, ரொட்டி சுட்டு, துணி நெய்து, உபரியைப் பண்டமாற்றுக்குக் கொடுத்து, கடன் கொடுத்து வாங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி அந்த ஊரை நடத்தியவர்கள் அவர்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர்க்காரர்கள் கையில் கிடைத்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதிப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு கல்லைப் பற்றிப் பேத்தியிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1240 வாக்கில் எழுதிய வருகைப் பதிவேடு அது. நாற்பது பேரின் பெயரும், அவர்கள் வேலைக்கு வராத நாளும், காரணமும் அதில் இருக்கின்றன. ஒருவனுக்கு உடம்பு சரியில்லை. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் பீர் காய்ச்சுகிறான். ஒருவன் இறந்த தாயின் உடலைத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறான். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்றும் காரணம் எழுதியிருக்கிறது. மேஸ்திரி கேட்டால் சொல்லக்கூடிய காரணமாக வீடு இருந்திருக்கிறது, பாருங்கள்.

சரி, அம்மா எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு நான் சொல்லும் பதில் ஒரே ஒரு பெண்ணின் கதை.

நவுனக்தே என்று அந்த ஊரில் ஒருத்தி இருந்தாள். இள வயதிலேயே கென்ஹிர்கோப்ஷெஃப் என்ற எழுத்தருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் அவளைவிட மிக மூத்தவர், ஊரில் பெரிய ஆள், பப்பைரஸ் (நாணல் தண்டிலிருந்து செய்த தாள்) சுருள்களைச் சேர்த்து வைத்திருந்தவர். குழந்தை இல்லை. அவர் இறந்த பிறகு கா-எம்-நூன் என்ற சாதாரணத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டாள். கைம்பெண்ணின் மறுமணத்துக்கு அந்த ஊரில் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. எட்டுப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். ஒரு மகனுக்கு முதல் கணவரின் பெயரையே வைத்தார்கள். இரண்டாவது கணவர் அதற்குச் சம்மதித்திருக்கிறார் என்பது எனக்கு மனதைத் தொட்ட விஷயம்.

ஐந்தாம் ராம்செஸின் மூன்றாம் ஆட்சியாண்டில், கி.மு. 1145 வாக்கில், வயதான நவுனக்தே ஊர் மன்றத்தின் முன் போய் நின்றாள். கெனபெத் என்பது அந்த மன்றத்தின் பெயர். ஊர்க்காரர்களே உட்கார்ந்து வழக்குக் கேட்கும் இடம், நம் பஞ்சாயத்து போல. அங்கே அவள் சொன்னதை எழுத்தர் எழுதிக்கொண்டார். அதன் சாரம் இது: நான் பாரோவின் நாட்டில் சுதந்திரமான பெண். இந்த எட்டுப் பேரையும் நான் வளர்த்தேன், அவரவர் நிலைக்கு ஏற்ற சீர் எல்லாம் செய்தேன். எனக்கு வயதாகிவிட்டது. இப்போது அவர்கள் என்னைப் பார்த்துக்கொள்வதில்லை. எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு என் சொத்தைக் கொடுப்பேன், கொடுக்காதவர்களுக்குக் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் பெயர் சொல்லிப் பிரித்தாள். இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை. முதல் கணவரின் பெயரைத் தாங்கிய மகனுக்கு மற்றவர்களுக்குக் கொடுத்ததற்கு மேல் ஒரு வெண்கலக் கழுவுபாத்திரம் தனிப் பரிசு. கவனிக்காத பிள்ளைகளுக்கும் தகப்பன் பங்கில் உரிமை உண்டு என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். ஏனென்றால் தம்பதி சேர்ந்து சம்பாதித்ததில் மூன்றில் இரண்டு பங்கு கணவனுக்கு, ஒரு பங்கு மனைவிக்கு என்பது அங்கே வழக்கம். பிறந்த வீட்டிலிருந்து வந்தது, முதல் கணவரிடமிருந்து வந்தது எல்லாம் தனியாக அவளுடையது. தன் பங்கை மட்டும் தன் விருப்பப்படி எழுதினாள், அடுத்தவர் பங்கைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு கணவரும் பிள்ளைகளும் மறுபடி மன்றத்துக்கு வந்து, அவள் எழுதியபடியே நடக்கட்டும் என்று ஒப்புக்கொடுத்தார்கள். 1928இல் அந்த ஊரில் கிடைத்த அந்தப் பப்பைரஸ் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவள் அரசியும் இல்லை, பூசாரியின் மனைவியும் இல்லை. முக்கோணத்தில் வைத்தால் கைவினைஞர் படியில் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பாள். ஆனால் அவள் பெயரில் சொத்து இருந்தது, வாய்ச்சொல்லுக்கு மன்றத்தில் மதிப்பு இருந்தது. எகிப்தில் பெண் நிலம் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம், சாட்சி சொல்லலாம், கணவனை விட்டு விலகவும் செய்யலாம். மணமான பெண்ணுக்கு நெபெத்-பெர் என்று பட்டம். வீட்டின் தலைவி என்று பொருள், நம் இல்லத்தரசியேதான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இந்த நாட்டில் பெண்கள் சந்தைக்குப் போய் வியாபாரம் செய்கிறார்கள், ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து நெய்கிறார்கள் என்று வியந்து எழுதினார். மிகைதான், ஆனாலும் அவருடைய ஊரில் காணாததைக் கண்ட வியப்பு அது.

அனி என்ற எழுத்தர் மகனுக்குச் சொன்ன அறிவுரை ஒன்றும் கிடைத்திருக்கிறது. உன் தாய் உன்னைச் சுமந்தாள், மூன்று வருடம் பால் கொடுத்தாள், நீ எழுதப் படிக்கப் போனபோது தினமும் ரொட்டியும் பீரும் கொண்டுவந்தாள், அவள் கொடுத்த சோற்றை இரு மடங்காகத் திருப்பிக் கொடு என்கிறார். மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை உண்டு. வீட்டை நன்றாக நடத்துகிறவளிடம் போய் அது எங்கே, இது எங்கே, கொண்டு வா என்று அதிகாரம் செய்யாதே என்பது. இதை மாப்பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.

பாட்டி எங்கே? அவளும் இருக்கிறாள். லாஹுன் என்ற ஊரில் கிடைத்த குடும்பப் பட்டியல் ஒன்று கி.மு. 1800 வாக்கினது. ஹோரி என்ற படைவீரன் வீட்டில் முதலில் மூன்றே பேர், அவன், மனைவி, மகன். அடுத்த பட்டியலில் ஹோரியின் தாயும் சகோதரிகளும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதற்கடுத்ததில் ஹோரி இல்லை, மகன் குடும்பத் தலைவனாகிவிட்டான். அவன் பொறுப்பில் தாய், பாட்டி, அத்தைகள். மூன்று தாள்களில் ஒரு வீட்டுக் கதையே ஓடிவிடுகிறது. அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னே ஹெகநக்த் என்ற நிலக்காரர் வெளியூரிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் படி அளக்கும் பட்டியல் இருக்கிறது. விளைச்சல் குறைந்த காலத்தில் யாருக்கு எவ்வளவு தானியம் என்று அளந்து எழுதியதில் அவருடைய தாய் இபிக்கு உயர்ந்த அளவு. தான் புதிதாகக் கொண்டுவந்த பெண்ணை வீட்டார் நடத்தும் விதம் சரியில்லை என்று அதே கடிதங்களில் கோபப்படுகிறார். கூட்டுக் குடும்பம் என்றால் இதெல்லாம் உண்டே!

வேடிக்கை என்னவென்றால், எகிப்திய மொழியில் பாட்டிக்குத் தனிச்சொல் கிடையாது. தாயின் தாய் என்றுதான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தாய் என்ற சொல்லே போதும். அத்தை, சித்தி, நாத்தனார் என்று நமக்கு இருக்கும் வகைப்பாடு அவர்களுக்கு இல்லை. சென் என்றால் சகோதரன். அதுவே மாமன், மைத்துனன், ஒன்றுவிட்டவன் எல்லோருக்கும் ஆகும். செனெத் என்றால் சகோதரி. கி.மு. 1500க்குப் பிறகு மனைவியையும் செனெத் என்றே குறிப்பிட்டார்கள். காதல் பாடல்களிலும் காதலனும் காதலியும் அண்ணா, தங்கை என்றே அழைத்துக்கொள்வார்கள்.

உங்கள் பேத்தியின் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. நம் ஊரில் கணவனை மாமா என்று கூப்பிடும் பெண் எழுதிய கடிதம் மூவாயிரம் வருடம் கழித்து யாருக்காவது கிடைத்தால், அவளுக்குத் தாய்மாமனோடுதான் கல்யாணம் என்று எல்லா நேரமும் முடிவுகட்ட முடியாதல்லவா? அதுபோலத்தான். அரச குடும்பம் வேறு. ஹட்ஷெப்சுட் அரசி தகப்பன் வழிச் சகோதரரான இரண்டாம் துட்மோசை மணந்தாள். பின்னால் ஆண்ட கிரேக்க வம்சத்தில் இரண்டாம் தாலமி கூடப்பிறந்த அக்கா அர்சினோவையே மணந்தார். தெய்வங்களான ஓசிரிசும் ஐசிசும் அப்படித்தானே என்பது அவர்களுக்குத் துணை. பாரோக்கள் காலத்துச் சாதாரணக் குடும்பங்களில் அது மிக அபூர்வம். ரோமர் ஆட்சியில் 14 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கில்தான் ஊர்மக்களிடையேயும் சகோதர மணம் கணிசமாகத் தெரிகிறது. இதைப் பேத்தியிடம் மறைக்க வேண்டாம். பதினான்கு வயதில் இப்படி நேராகச் சொன்னால் அவளுக்குப் புரியும்.

இதையெல்லாம் சொல்லும்போது எகிப்தைப் பெண்களின் சொர்க்கமாக அவள் நினைத்துவிடக் கூடாது. எழுத்தர் வேலையும் அரசுப் பதவியும் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன. அதே தெய்ர் எல்-மதீனாவில் மாவரைக்க அரசு அனுப்பிய அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அவர்களின் வேலை நாட்களை வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தப் பங்கை விற்கவும், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும்கூடச் செய்தார்கள். நவுனக்தே தன்னைச் சுதந்திரமான பெண் என்று மன்றத்தில் அழுத்திச் சொன்னதன் கனம் இதை அறிந்தால்தான் விளங்கும். ஊரின் கிழக்கு மேட்டு அடிவாரத்தில் கைக்குழந்தைகளைப் பானையிலும் கூடையிலும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். முன்னறைச் சுவரில் பெஸ் ஏன் இருந்தார் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முக்கோணத்தை அழிக்க வேண்டாம், மதிப்பெண் போய்விடும். அதன் பக்கத்திலேயே அந்த ஒடுக்கமான வீட்டை ஒரு நீளச் செவ்வகமாக வரையச் சொல்லுங்கள். முன்னறையில் பெஸ், நடுக்கூடத்தில் தாயும் பிள்ளைகளும், ஓரத்தில் மாவரைக்கும் கல்லும் அதன் முன் குனிந்திருக்கும் அடிமைப் பெண்ணும், பின்னால் அடுப்படி, மாடிப்படி. பாட்டியைக் கூடத்தின் நடுவில் உட்கார வையுங்கள். அவள் பக்கத்தில் அந்த வெண்கலப் பாத்திரத்தையும் மறக்காமல் வரையச் சொல்லுங்கள்.