வீசிங் உள்ளவர் தோட்ட வேலை செய்யத் துணி மாஸ்க் போதுமா?

பொள்ளாச்சி வீட்டில் தென்னைநார்க் கழிவு கலக்கும் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். போதாது. நுண்தூசி துணி வழியாகவும் ஓரங்களிலும் நுழையும். நுண்தூசியை வடிகட்டும் என்95 மாஸ்க் வாங்குங்கள், இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போகும் வகை நல்லது, காதில் மாட்டுவது தளர்ந்து கசியும். மூக்குக் கம்பியை அழுத்திவிட வேண்டும்.

மாஸ்க்கைவிட முக்கியம் தண்ணீர். 5 கிலோ நார்க்கட்டியை உலர்வாக உடைக்கவே கூடாது. தொட்டியில் போட்டு 20–25 லிட்டர் ஊற்றி, தானாக உதிரும்வரை விடுங்கள். வாசலையும் தண்ணீர் தெளித்தே கூட்டட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடியில், காற்று எழுமுன் காலையிலேயே வேலையை முடித்துவிடட்டும்.

மக்கிய குப்பையைக் கிளறினால் பூஞ்சை வித்துகள் பறக்கும். அதைத் தயவுசெய்து நீங்களே செய்துகொடுங்கள். ஒவ்வாமை தரும் பார்த்தீனியக் களையைப் பூக்குமுன் கையுறையோடு பிடுங்குங்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இளைப்பு தொடங்கினால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.