மாருதி 800: ஸ்டியரிங், டாஷ்போர்டு கேள்வி பதில்

பவர் ஸ்டியரிங்கும் ஏர்பேக்கும் இல்லாத வண்டி. அதனால்தான் வீட்டிலேயே கை வைக்கலாம் என்கிறேன். டாஷ்போர்டுக்குள் கை விடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

மதுரை வாசகர்: ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவு திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. ராக் (ஸ்டியரிங் திரும்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ப்ளே, அதாவது ஸ்டியரிங்கில் இந்த வெற்று ஆட்டம், என்றாலே ராக்கைக் கைகாட்டுவது நம் ஊர்ப் பட்டறைகளின் வழக்கம். வண்டி தரையிலேயே நிற்கட்டும், இன்ஜின் ஓட வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடவலமாக லேசாக ஆட்டட்டும். நீங்கள் முதலில் பெடல்களுக்குப் பக்கத்தில் ஸ்டியரிங் ராடின் ஜாயிண்டைப் பாருங்கள். மேல் பாதி திரும்பியும் கீழ் பாதி சும்மா இருந்தால் குற்றவாளி அங்கேதான். பல நேரம் போல்ட் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். அடுத்து, ராக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ். அது நைந்துபோனால் ராக் மொத்தமும் பக்கவாட்டில் நகரும். கடைசியாக, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டோ ராக் எண்டோ தேய்ந்திருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங்கையும் பால் ஜாயிண்டையும் பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்தால்தான் ராக்கைச் சந்தேகப்பட வேண்டும். டை ராட் எண்ட் மாற்றினால் அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள், இல்லாவிட்டால் புது டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.

திருச்சி வாசகர்: இவ்வளவு சுற்றுவானேன் சார்? ராக்கில் ஒரு அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கிறதே. கால் சுற்று இறுக்கினால் ப்ளே போச்சு.

போகும். கூடவே வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதும் போகும். நாம் ஓட்டுவது பெரும்பாலும் நேராகத்தான். அதனால் ராக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்கின்றன. நடுவுக்குப் பொருத்தமாக இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும்.

சேலம் வாசகர்: ஸ்பீடோமீட்டர் முள் நடுங்குகிறது, கீச்சென்று சத்தமும் வருகிறது.

கேபிள் காய்ந்திருக்கிறது. மீட்டர் பக்கம் கழற்றி உள்கம்பியை உருவுங்கள். மண்ணெண்ணெயில் துடைத்து மெல்லியதாக கிரீஸ் தடவுங்கள். மீட்டருக்குள் போகும் முனையில் ஒரு சாண் அளவுக்கு கிரீஸ் வேண்டாம். அது ஏறி மீட்டரைக் கெடுக்கும். கம்பியில் இழை பிரிந்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

திருச்சி வாசகர்: பல வருடமாக இறுக்கித்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் அதிர்ஷ்டம். அதை மற்றவர்களுக்கு வைத்தியமாகச் சொல்லாதீர்கள்.

ஈரோடு வாசகர்: திருச்சிக்காரர் சொன்னபடி நானும் இறுக்கினேன். இப்போது லாரி ஓட்டுவதுபோல் இருக்கிறது.

பார்த்தீர்களா! இறுக்கியதைத் தளர்த்துங்கள். பிறகு மதுரைக்காரருக்குச் சொன்னதை முதலிலிருந்து செய்யுங்கள்.

திருச்சி வாசகர்: அவர் கால் சுற்றுக்கு மேல் போயிருப்பார்.

சரி, இருக்கட்டும். அளவு தெரியாமல் கை வைக்கும் இடம் அது இல்லை என்பதுதான் என் வாதமே.

நாகர்கோவில் வாசகர்: பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நாளில் படுத்துவிட்டன. டேங்க் யூனிட் (டேங்கில் பெட்ரோல் அளவைப் பார்க்கும் பாகம்) வாங்கவா?

வேண்டாம். இரண்டும் சேர்ந்து படுத்தால் இரண்டுக்கும் பொதுவான வழியில்தான் கோளாறு. ஃப்யூஸ், மீட்டருக்குப் பின்னால் வயர்கள் சேரும் கப்ளர், எர்த் என்ற வரிசையில் பாருங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் போடுங்கள். பெரியது போட்டால் அடுத்து வயரிங் எரியும்.

வேலூர் வாசகர்: ஹார்ன் பிளேட்டைப் பார்க்க ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும். சுத்தியால் தட்டலாமா?

கூடாது. ராட் முனையின் மரை கெடும். ஸ்டியரிங்கும் ராடும் சேரும் இடத்தில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்க எடுக்காதீர்கள். பிறகு ஸ்டியரிங்கை ஆட்டி இழுங்கள். நட்டை எடுத்துவிட்டு இழுத்தால் ஸ்டியரிங் முகத்தில் வந்து விழும். பேட்டரி நெகட்டிவ்?

தஞ்சாவூர் வாசகர்: ஸ்டியரிங் ப்ளே அதிகம். ராக் மாற்றலாமா?

மதுரை.

கரூர் வாசகர்: என்னிடம் ஏர்பேக் உள்ள ஸ்விஃப்ட். ஸ்டியரிங்கைக் கழற்ற இதே முறைதானா?

இல்லை. அதைத் தொடாதீர்கள், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

திருச்சி வாசகர்: நேற்று ஒரு விரலால் சுற்றிப் பார்த்தேன். வலது ஓரத்தில் கொஞ்சம் பிடிக்கிறது.

தளர்த்துங்கள்.