கியர்பாக்ஸை இறக்கும் முன் என்ன வாங்குவது? வாசகர் கேள்வி-பதில்

காரின் கிளட்சை வீட்டிலேயே மாற்றுவது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இடம் கருதிச் சுருக்கியும் இருக்கிறேன்.

கேள்வி: மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. கருகல் வாடையும் வருகிறது. நானே கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றப் போகிறேன். பிளேட் மட்டும் வாங்கினால் போதாதா?

பதில்: போதாது. பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தே உழைத்தவை, சேர்ந்தே தேய்ந்தவை. பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, நாளைக்கு பேரிங் போய்விட்டால் மறுபடியும் முழு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பாடு இறக்கி ஏற்றுவதுதான்.

இந்த மூன்றும் அடங்கிய செட்டோடு கிளட்ச் சென்டரிங் டூல் ஒன்றும் வாங்குங்கள். பிளேட் நடுவில் நிற்காவிட்டால் கியர்பாக்ஸ் ஷாப்ட் உள்ளே போகாது. இறக்கியதும் கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீலையும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாப்ட் சீலையும் பாருங்கள். லேசாகக் கசிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். புதுப் பிளேட்டில் எண்ணெய் பட்டால் அது வீண். உங்கள் வண்டியில், மிதியின் அழுத்தத்தை வாங்கி ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வாய்க்குள்ளேயே இருக்கும் வகை என்றால் அதையும் இப்போதே மாற்றுவது நல்லது. பல செட்டுகளில் அது சேர்ந்து வராது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: காரைத் தாங்கும் ஸ்டாண்ட் வாங்காமல், காரோடு வந்த ஜாக்கை வைத்தே அடியில் படுத்து வேலை செய்யலாமா?

பதில்: கூடாது. அந்த ஜாக் டயர் மாற்ற மட்டும்.

கேள்வி: பிளைவீலையும் (கிளட்ச் பிளேட் பதியும் எஞ்சின் பக்கச் சக்கரம்) புதிதாக வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா, தலையில் கட்டப் பார்க்கிறாரா?

பதில்: பார்க்காமலே சொன்னால் தலையில் கட்டுகிறார். ஒரே துண்டாக இருக்கும் சாதாரண பிளைவீலில் லேசான வரிகளோ நீலத் திட்டுகளோ இருந்தால், கம்பெனி சொல்லும் அளவுக்குள் லேத்தில் சீவி முகம் எடுத்துக்கொள்ளலாம். வெடிப்பு இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை பிளைவீல் வேறு விஷயம். அதைப் பொதுவாகச் சீவ மாட்டார்கள். அளவுக்கு மீறி ஆடினால் புதிதுதான்.

கேள்வி: கியர்பாக்ஸை ஏற்றும்போது கடைசியில் ஒரு விரல் இடைவெளி நின்றது. போல்ட்டுகளை முறுக்கி இழுத்தேன். கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) காது உடைந்துவிட்டது, பிளேட்டின் நடுப்பகுதியும் வளைந்துவிட்டது. செட் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். எப்படி வழக்குப் போடுவது?

பதில்: போடாதீர்கள். இதில் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். இடைவெளி நின்றால் ஷாப்ட்டின் ஸ்பிளைன் பல் (பிளேட்டின் நடுத்துளையில் கோக்கும் வரிப்பல்) பொருந்தவில்லை, அல்லது பிளேட் நடுவில் இல்லை, அல்லது கியர்பாக்ஸ் கோணலாக நிற்கிறது. அந்த இடத்தில் நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு கியரில் போட்டு, அவுட்புட் பக்கத்தை மெதுவாகத் திருப்பியபடி தள்ளினால் பல் பொருந்தி, கையாலேயே போய் உட்கார்ந்துவிடும். போல்ட் பிடித்து நிறுத்தத்தான், இழுத்துக் கொண்டுவர அல்ல. கியர்பாக்ஸின் பாரம் ஒரு நிமிஷம்கூட பிளேட்டின் மேல் தொங்கக் கூடாது. இத்தனையும் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைப் படிக்காமல் போல்ட்டை முறுக்கிவிட்டு விற்றவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு ஒரு செட் இருக்கிறது. கார் மாடலின் பெயரும் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: மாடல் பெயரை நம்பி மட்டும் வாங்காதீர்கள். இதைப் பற்றி எனக்கு வெகுநாள் ஆத்திரம் உண்டு. ஒரே மாடலில் பெட்ரோல் ஒன்று, டீசல் ஒன்று, நடுவில் கியர்பாக்ஸ் மாறிய ஆண்டு ஒன்று என்று இருக்கும். பிளேட்டின் விட்டம் மாறும், ஸ்பிளைன் பல் எண்ணிக்கை மாறும். விற்பவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் 'எல்லா வகைக்கும் பொருந்தும்' என்று போடுகிறார்கள். வாங்கியவர் வண்டியைப் பிரித்துப் போட்டபிறகு திருப்பி அனுப்ப அலைய மாட்டார் என்பது அவர்கள் கணக்கு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, அதற்கான பார்ட் நம்பரை எழுத்தில் வாங்குங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது போலி. நான் வாங்கிய ஒரு ரிலீஸ் பேரிங் பெயர்பெற்ற கம்பெனியின் பெட்டியில், ஹோலோகிராம் ஸ்டிக்கரோடு வந்தது. ஏற்றிய சில வாரங்களில் கிளட்சை மிதித்தாலே ஊளையிட ஆரம்பித்தது. இறக்கிப் பார்த்தால் பேரிங்கின் மேல் கம்பெனி பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. உள்ளே கிரீஸ் வறண்டு கிடந்தது. கடையில் இன்னொரு பேரிங் தருகிறோம் என்றார்கள். இரண்டாம் முறை இறக்கி ஏற்றிய கூலிக்கு வாரண்டி கிடையாதாம். விற்றது போலி, அதன் செலவு மட்டும் வாங்கியவர் தலையில் என்றால் அது எந்த ஊர் நியாயம்? வாரண்டி தாளில் கூலி சேருமா, நாமே பொருத்தினால் செல்லுமா என்ற இரண்டு வரிகளையும் காசு கொடுக்கும் முன்பே படியுங்கள்.

செட் வந்ததும் பொருத்தும் முன் சோதியுங்கள். புதுப் பிளேட்டை எண்ணெய் படாத கையால் கியர்பாக்ஸ் ஷாப்ட்டில் போட்டுப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது. பழையதன் மேல் புதியதை வைத்து விட்டத்தைப் பாருங்கள். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றுங்கள், கரகரத்தால் அப்படியே திருப்பிவிடுங்கள். பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் காருக்கு முழு கிளட்ச் செட் மாற்றியதாக ஒர்க்‌ஷாப்பில் பில் போட்டார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி ஸ்லிப், கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது. வீட்டில் தம்பி கியர்பாக்ஸை இறக்கத் தொடங்கினான், பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) தெரியும் நிலையில் நிறுத்தியிருக்கிறோம். பழைய பிரஷர் பிளேட்டுக்குப் பெயிண்ட் அடித்துப் போட்டுவிட்டார்களோ என்று சந்தேகம். அம்மா அழுகிறார்.

பதில்: அம்மாவுக்கு முதலில் சொல்லுங்கள், இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. வண்டிக்கு அடியில் நடப்பதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த நம்பிக்கையை ஏமாற்றுகிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

நிறுத்தியது மிக நல்லது. இனி நீங்களாகக் கழற்றினால், நீங்கள்தான் மாற்றி வைத்தீர்கள் என்பார்கள். இப்போதிருக்கும் நிலையைத் தேதியோடு படம் எடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் தெரிவித்து, பில்லில் உள்ள பார்ட் நம்பரையும், கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள். அப்புறம் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை வைத்து, முடிந்தால் ஒர்க்‌ஷாப் ஆளையும் வரச் சொல்லி, அவர்கள் முன்னால் திறக்கச் செய்யுங்கள். ரிவெட்டைச் சுற்றி பெயிண்டுக்கு அடியில் துரு இருக்கிறதா, அழுத்தும் முகத்தில் பழைய வெப்ப வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, அந்த மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஆயில் கசிந்து ஸ்லிப் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு, அதையும் அவர் எழுதட்டும். பழைய பாகம்தான் என்று தெரிந்தால் முழுப் பணத்தையும் கேளுங்கள், பாதிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது உறுமல் சத்தம், கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. கிளட்ச் செட் ஆர்டர் செய்யப் போகிறேன், சரிதானே?

பதில்: ஆர்டர் செய்யாதீர்கள். மிதித்தால் வரும் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால் நிற்கும் சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் இன்புட் ஷாப்ட் பேரிங். கிளட்ச் செட் மாற்றினால் அது போகாது.