பட்டம் பெறாத ஒருவர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்கும் கண்காட்சிகளுக்கும் போகலாமா?

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தோடு படிப்பு முடிந்துவிட்டது, வாசலில் யாராவது தடுப்பார்களா, உள்ளே போனாலும் பேசுவது புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். புரியுமா என்ற கடைசிக் கேள்விக்குத்தான் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் உங்களைப் போலத்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மின்தூக்கிப் பராமரிப்பில் இருக்கிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், நகரங்களில் வெப்பம் கூடுவதைப் பற்றிய ஒரு பொதுச் சொற்பொழிவுக்கு முதன்முறையாகப் பதிவு செய்தபோது, இணையப் படிவத்தில் ‘நீங்கள் சார்ந்துள்ள நிறுவனம்’ என்ற கட்டத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் தயங்கினேன். கடைசியில் நான் வேலை செய்யும் பராமரிப்பு நிறுவனத்தின் பெயரையே எழுதினேன். மறுநாள் இடம் உறுதியானதாக மின்னஞ்சல் வந்தது. எத்தனை பேர் வருவார்கள், எத்தகையவர்கள் வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்கு வைத்துக்கொள்வதற்குத்தான் அந்தக் கட்டம் என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. ‘ஓய்வுபெற்றவர்’ என்றோ ‘பொதுமக்கள்’ என்றோ எழுதினாலும் போதும்.

அன்று பேசிய பேராசிரியர், கான்கிரீட் பகல் முழுவதும் வெப்பத்தை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளியே விடுவதால்தான், சிங்கப்பூரில் கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளுக்கும் மரங்கள் அடர்ந்த புறநகர்ப் பகுதிகளுக்கும் சில இரவுகளில் 7 டிகிரி செல்சியஸ் வரை வேறுபாடு காணப்பட்டிருக்கிறது என்று விளக்கினார். அவர் காட்டிய வரைபடங்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவர் சொன்ன விஷயம் என் கைக்குப் பழக்கமானது. கூரைக்கு அடியில் இருக்கும் மின்தூக்கி இயந்திர அறைக்குள் மாலை நான்கு மணிக்குப் போனாலும் வேகும், இரவு எட்டு மணிக்குப் போனாலும் வேகும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், அறை மட்டும் குளிர்ந்திருக்காது. கேள்வி நேரத்தில் தட்டுத் தடுமாறிய என் ஆங்கிலத்தில் அதைச் சொல்லி, காரணம் இதுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றதோடு அவர் நிறுத்தவில்லை. கூட்டம் முடிந்து தேநீர் மேசையருகே என்னைத் தேடி வந்து, எத்தனை மாடிக் கட்டடம், கூரையின் மேல் என்ன பூச்சு பூசியிருக்கிறார்கள், காற்று எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்ததை அவரும் தெரிந்துகொள்ள விரும்பினார் என்பது அன்றுவரை நான் எண்ணியும் பாராதது.

எல்லா நாளும் அப்படி அமையும் என்று சொன்னால் அது பொய். கணிதம் சார்ந்த ஓர் உரைக்குத் தலைப்பின் அழகை நம்பிப் போய், முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தேன். பிழை என்னுடையதுதான். ‘பொதுச் சொற்பொழிவு’ என்று அறிவிக்கப்படுவதும் ‘ஆய்வுக் கருத்தரங்கு’ என்று அறிவிக்கப்படுவதும் வெவ்வேறு. முன்னதில் பேசுபவர் துறைக்கு வெளியே உள்ளவர்களை மனத்தில் வைத்துத் தயாரித்து வருகிறார். பெரும்பாலும் முக்கால் மணி நேர உரை, அதன்பின் அரை மணி நேரக் கேள்வி பதில். பின்னதற்கும் பல வேளைகளில் யாரும் வரலாம் என்றாலும், அங்கே ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், கலைச்சொற்களை யாரும் நின்று விளக்கமாட்டார்கள். அறிவிப்பில் உள்ள சுருக்கத்தை வாசித்துப் பாருங்கள். முதல் பத்தி புரிந்தால் உரையில் பாதியாவது புரியும் என்பது என் அனுபவக் கணக்கு. சந்தேகமாக இருந்தால் கதவுக்கு அருகே, வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். இடையில் எழுந்து போவது இங்கே அவமரியாதையாகக் கருதப்படுவதில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொள்கை ஆய்வுக் கழகத்தின் எஸ்.ஆர். நாதன் சொற்பொழிவுத் தொடரைத்தான். ஒவ்வொரு முறையும் பொதுவாழ்வில் நீண்ட அனுபவமுள்ள ஒருவர் ஆய்வாளராக நியமிக்கப்பட்டு, சில மாத இடைவெளியில் பல உரைகளை ஆற்றுகிறார். 2014இல் தொடங்கிய முதல் தொடரை தொழிலதிபர் ஹோ குவோன் பிங் வழங்கினார். பிறகு முன்னாள் தூதர் பிலஹரி கௌசிகன், 2021இல் அப்போது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரவி மேனன் எனப் பலர் பேசியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொடர்ந்து பல உரைகளில் வளர்த்துச் செல்வதால், முதல் உரையில் தவறவிட்டதை அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம். உரைகள் பின்னர் நூலாகவும் வருகின்றன. தொடரின் பெயருக்குரியவரைப் பற்றியும் ஒரு சொல். 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்த நாதன், பள்ளிப் படிப்பு இடையில் முறிந்து, எழுத்தராக வேலை பார்த்து, அதன்பின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சார்ந்த பட்டயப் படிப்பை முடித்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. படிப்பு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, அதனால் சொன்னேன்.

அந்த மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் தொடங்கியது, இன்று லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி இயங்கும் புக்கிட் தீமா வளாகத்தில்தான். 1950களில் அங்கே இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்திராத உழைப்பாளிகள். உங்களை வாசலில் தடுப்பார்களா என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

கண்காட்சிகளுக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரும்பொருளகம் 1955இல் தொடங்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சீன மட்பாண்டங்கள், தெற்காசிய, தென்கிழக்காசியக் கலைப்பொருள்கள், சிற்பி இங் எங் டெங் தாமே அளித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் எல்லாம் அதன் சேகரிப்பில் உள்ளன. 1959இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த கலைப்பொருள்களும் அந்தச் சேகரிப்பின் பகுதியே. வார நாளின் பிற்பகலில் போனால் பல வேளைகளில் கூடம் முழுவதும் உங்களுக்கு மட்டுமே.

பிள்ளைகள் இருந்தால் அதே பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போங்கள். இதற்குக் கட்டணம் உண்டு. எல்லாரும் போவது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட மூன்று டைனோசர்களைப் பார்க்க. எனக்கோ அங்குள்ள எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூடுதான் முக்கியம். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த 10.6 மீட்டர் நீளப் பெண் திமிங்கிலம் அது. அதன் வயிற்றில் கணவாய்களின் அலகுகளோடு பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது. முதுகெலும்பில் கப்பல் மோதியது போன்ற காயம். நம் கடலில் நடந்த ஒன்று என்பதால், என் மகள் டைனோசரைவிட இதன் எதிரேதான் நெடுநேரம் நின்றாள். நீல் சாலையில் உள்ள பாபா இல்லம் முன்பதிவு செய்து பார்க்க வேண்டிய பழைய பெரனாக்கான் (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீன வம்சாவளியினர்) வீடு; அதுவும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

தமிழிலேயே கேட்க வேண்டுமென்றால் வாய்ப்புகள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழாவை ஒட்டிப் பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவர் அமைப்புகள் நடத்தும் நிகழ்ச்சிகளைக் கவனியுங்கள். மற்ற மாதங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

போய்ச் சேருவது பற்றி: கெண்ட் ரிட்ஜ் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் செல்லும் இலவசப் பேருந்துகள் உண்டு. புக்கிட் தீமா வளாகத்துக்குத் தாவரவியல் பூங்கா நிலையம் அருகில். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு பூன் லேயிலிருந்து 179 பேருந்து. வேலை முடிந்து மாலை ஆறரை மணி உரைக்குப் போவதென்றால் அங்கே மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கெண்ட் ரிட்ஜ் வளாகம் குன்றின்மேல் கட்டப்பட்டது என்பதால், சாலையிலிருந்து நேரே நுழைந்தாலும் நீங்கள் நிற்பது மூன்றாம் மாடியாக இருக்கலாம். மின்தூக்கிக்காரனான நானே முதல் நாள் தவறான கட்டடத்தில் ஏறி இறங்கி, உரை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் அரங்குக்குள் நுழைந்தேன்.