வீட்டுக்குள் முயல் கூண்டு: முதலில் தரையைக் கவனியுங்கள்

கேள்வி: நான்கு மாத முயல் ஒன்றை வீட்டுக்குள் வளர்க்கிறோம். கூண்டு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். அடியும் கம்பிதான், கீழே இழுத்துக் கழுவும் தட்டு இருக்கிறது. பத்து நாளாகப் பின்னங்கால் பாதத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. நாற்றமும் அடிக்கிறது. கூண்டை எப்படி மாற்றி அமைப்பது?

பதில்: கால் சிவந்ததற்குக் கம்பித் தரைதான் காரணமாக இருக்கும். மற்றதை நாளைக்குப் பார்க்கலாம், தரையை இன்றைக்கே மூடிவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் இருக்கும் மெத்தைச் சதை முயலுக்குக் கிடையாது. அடர்ந்த முடிதான் அதற்குச் செருப்பு. கம்பியில் உட்கார்ந்தே இருந்தால் உடம்பின் பாரம் குதிகாலில் இறங்கி அந்த முடி தேய்கிறது, பிறகு தோல் புண்ணாகிறது. புழுக்கை தானாகக் கீழே விழுந்தால் வேலை குறையும் என்று பண்ணைகளில் கம்பித் தரை போடுகிறார்கள். ஒற்றை முயலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கூண்டின் அளவுக்கு ஒரு பலகையை வெட்டிப் போட்டு, மேலே உலர்ந்த புல்லை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். வழுவழுப்பான தரையும் ஆகாது, கால் வழுக்கும். ஈரமான புல்லை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். ஈரத்தில் நின்றால் புண் ஆறாது. தோல் வெடித்தாலோ, வீங்கினாலோ, பொருக்குத் தட்டினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் கிடைத்த களிம்பைத் தடவாதீர்கள், முயல் அதை நக்கி விழுங்கிவிடும்.

இப்போதைய கூண்டு சிறிது. முயல் மூன்று நான்கு தாவல் தாவ வேண்டும், காது மேலே இடிக்காமல் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டு கிலோ வரை வளரும் முயலுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்துக்குக் குறையக் கூடாது. கூண்டே வாங்க வேண்டும் என்பதில்லை. நாய்க்குட்டிக்கு விற்கும் மடக்கு வேலியைச் சுற்றி நிறுத்தினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். வேலி மூன்றடி உயரமாவது இருக்கட்டும், இல்லையென்றால் முயல் தாண்டிவிடும். எந்த இடமானாலும் தினமும் மூன்று நான்கு மணி நேரம் வெளியே விடுங்கள். முயல் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும், அந்த நேரமே நல்லது. அதற்கு முன் தரையில் கிடக்கும் மின்கம்பிகளை எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வாழ்நாள் முழுக்க வளரும் பல் அதற்கு, எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும்.

நாற்றத்துக்கு வருவோம். முயல் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்காது, ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். எந்த மூலை என்று இரண்டு நாள் பாருங்கள். அங்கே ஓர் அகலமான தட்டு வைத்து, அடியில் செய்தித்தாளும் மேலே புல்லும் போடுங்கள். சிறுநீரில் நனைந்த காகிதத் துண்டு ஒன்றையும் அதில் விட்டுவையுங்கள், வாசனை பிடித்து அங்கேயே வரும். தின்னும் புல்லைத் தட்டுக்கு மேலேயே தொங்கவிடுங்கள். தின்றுகொண்டே புழுக்கை போடுவது முயலின் வழக்கம், பாதிப் பழக்கம் இதிலேயே வந்துவிடும். தட்டைத் தினமும் மாற்ற வேண்டும். சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா நெடி மூச்சுக் குழாயை அரிக்கும், தும்மலும் மூக்கொழுகலும் அப்படித்தான் பல முயல்களுக்குத் தொடங்குகின்றன. தட்டில் படியும் வெள்ளைக் கறை சுண்ணாம்புச் சத்து, வினிகர் ஊற்றி ஊறவைத்தால் விட்டுவிடும். பூனைக்கு விற்கும் கட்டியாகும் மணலைப் போடாதீர்கள், தின்றால் குடலை அடைக்கும்.

ஒரு மூலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் வாசல் வெட்டிவிடுங்கள். ஒற்றை வாசல் என்றால் மாட்டிக்கொண்டோம் என்று மிரளும். மிரண்டு பின்னங்காலை உதறினால் முதுகெலும்பே முறியக்கூடும், அதனால் இதை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரைக் கவிழாத கனமான கிண்ணத்தில் வையுங்கள், குழாய்ப் புட்டியில் குடிப்பதைவிட அதில் நன்றாகக் குடிக்கும்.

நேர் வெயில் விழாத, தொலைக்காட்சிச் சத்தம் இல்லாத இடத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டிக் கூண்டை வையுங்கள். முயலுக்கு உடம்பு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றும். 15 முதல் 20 டிகிரி அதற்குச் சுகம். 30 டிகிரியைத் தொட்டால் உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

இடம் மாறிய முதல் இரண்டு நாள் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும், அது இயல்பு. ஆனால் காலையில் தட்டைப் பார்க்கும்போது புழுக்கை இல்லை, பன்னிரண்டு மணி நேரமாகப் புல்லும் தொடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். குடல் நின்றுபோயிருக்கலாம், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.