சிங்கம் செத்த இடத்தில் படத்தை நிறுத்தலாமா?

வணக்கம் அக்கா,
உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். ஒன்பது வயது மகளோடு நார்னியா முதல் படம் பார்த்தேன். அஸ்லான் என்ற சிங்கத்தைக் கல்மேசையில் கட்டிக் கொன்றதும் மகள் அழுதாள். அந்நேரம் வந்த மச்சான், "அது சிங்கமில்லை, இயேசு. இது மதப் பிரசாரம்" என்றார். உடனே நிறுத்திவிட்டேன். நாங்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிற குடும்பம். இப்படியான படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? கிறிஸ்மஸ் தாத்தா வருவதும் இதற்காகத்தானா?

அன்புள்ள தம்பி,

மச்சான் பாதி சரி. நார்னியாவை எழுதிய சி. எஸ். லூயிஸ் கிறிஸ்தவர். 1950இல் வந்த அவருடைய கதையில், துரோகம் செய்த எட்மண்டுக்காகக் குற்றமற்ற சிங்கம் சாகிறது. விடியும்போது கல்மேசை பிளக்க, எழுந்து வருகிறது. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஆனால் கதை தொடங்கியது பிரசாரத்தில் அல்ல. பனிக்காட்டில் குடையும் பொதிகளுமாக நடக்கும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவன் பதினாறு வயதிலேயே தன் மனதில் வந்துவிட்டான், சிங்கம் பிறகுதான் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கிறிஸ்மஸ் தாத்தாவை விடுங்கள்.

சிங்கம் யார், அதைக் கொன்ற சூனியக்காரி யார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எட்மண்டின் சகோதரிகள் சூசனும் லூசியும் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கொன்ற கூட்டம் போன பிறகு அந்த இரண்டு சிறுமிகளும் மேசையடிக்கு வருகிறார்கள். புத்தகத்தில் சிங்கத்தின் வாய்க்கட்டை அவிழ்க்கிறார்கள், இரத்தத்தையும் நுரையையும் துடைக்கிறார்கள். அது உயிர்க்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. இயேசுவின் கல்லறைக்கு நறுமணத் தைலம் கொண்டுபோன பெண்களுக்கும் தெரியாது. கதையில் எனக்குப் பெரிய இடம் அதுதான். உயிர்ப்புக்கூட அதற்குப் பிறகுதான்.

சுனாமிக்கு மறுநாள் இங்கே ஓர் ஆஸ்பத்திரி விறாந்தையில் என் சின்னம்மாவைக் கண்டேன். தேவாரம் பாடாமல் விளக்கேற்றாதவர். யாரோ பெற்ற பிள்ளை நிலத்தில் கிடந்தது. அதன் காதுமடலில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "தாய் வந்து பார்க்கேக்க முகம் துப்புரவா இருக்கவேணும்" என்றார். தாய் வரும்வரை எழும்பவில்லை. அடுத்த வருடம், 2005இல், இந்தப் படம் வந்தது. மேசைக் காட்சியில் நான் சின்னம்மாவைத்தான் பார்த்தேன்.

உங்கள் மகளும் அந்தச் சிறுமிகளோடு சேர்ந்துதான் அழுதாள். நீங்களோ ரிமோட்டை அமத்தி அவளை எழுப்பி அனுப்பிவிட்டீர்கள்! லூசிக்கு விடியும்வரை இருக்கக் கிடைத்தது. உங்கள் பிள்ளை செத்த சிங்கத்தோடு படுக்கப் போனாள். எலிகள் வந்து கயிற்றைக் கடிப்பதையாவது அவள் பார்த்திருக்க வேண்டாமா? சமயத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு குழந்தைக்குச் செய்கிற வேலையா இது?

இன்றைக்கே மிச்சப் படத்தைப் போடுங்கள். பக்கத்தில் இருங்கள், இடையில் விளக்கம் சொல்ல வேண்டாம். முடிந்ததும் "இது இயேசுவா அப்பா?" என்று கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள். மச்சான் வந்தால் அவரும் இருந்து முழுதாகப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா