ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போடலாமா? ஏற்கெனவே உள்ள கோப்புகள் அழிந்துவிடுமா?

தாராளமாகப் போடலாம் அக்கா. லினக்ஸும் விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் ஓர் அடிப்படை மென்பொருள்தான். முறையாகச் செய்தால் ஒரு கோப்புகூடப் போகாது.

வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி, அதில் விண்டோஸ் 10, பலகார ஆர்டர் கணக்கெல்லாம் எக்செலில் கிடக்கிறது, பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் லினக்ஸ் வேண்டும் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் பழைய மடிக்கணினிகளில் இந்த வேலையைத்தான் அடிக்கடி செய்து கொடுக்கிறேன். இங்கேயும் பல வீடுகளில் இதே கதைதான்: கணினி ஒன்று, ஆள் நான்கு பேர்.

மகனுக்கு லினக்ஸ் கட்டளைகள் பழகினால் மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வசதி இருக்கிறது. ஆனாலும் உங்கள் விஷயத்தில் இரண்டையும் தனித்தனியாகப் போடுவதுதான் சரி என்பேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செயலி இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை அது ஏற்காது. அதற்காக நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட வேண்டுமா? வங்கி, வருமான வரி, மின்னஞ்சல் இதையெல்லாம் லினக்ஸ் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எக்செல், பிரிண்டர் வேலைக்கு மட்டும் விண்டோஸைத் திறங்கள். லினக்ஸில் பல வகை உண்டு, நான் சொல்வது மின்ட் என்ற வகை. லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, காசும் கிடையாது. ரேம் 4 ஜிபிதான் என்றால் அதிலேயே எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை எடுங்கள், இலேசாக ஓடும்.

இன்ஸ்டால் செய்வது அரை மணி நேர வேலைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். கணக்குக் கோப்புகளையும் படங்களையும் வெளியே ஒரு ஹார்டு டிஸ்கிலோ பென்டிரைவிலோ நகல் எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். நகல் எடுத்தாயிற்று என்பது வேறு, அது திறக்கிறது என்பது வேறு.

அடுத்தது பிட்லாக்கர், கணினிக்குள் இருக்கும் வட்டை (ஹார்டு டிஸ்கை) சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. பல மடிக்கணினிகளில் நாம் கேட்காமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்கும். பூட் அமைப்பில், அதாவது கணினி எழும் முறையில், கைவைத்ததும் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியை எடுத்து, தாளில் எழுதி வைத்த பிறகுதான் மற்ற வேலை.

பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் பக்கமிருந்து விண்டோஸ் வட்டில் எழுதினால் கோப்புகள் கெட வாய்ப்புண்டு. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போனால் பவர் பட்டன் அமைப்புகளுக்குள் அது இருக்கிறது.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். சி டிரைவில் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம், அவ்வளவுதான். மின்டுக்கு 20 ஜிபி போதும் என்பார்கள். மகன் படிக்கிற பிள்ளை, முடிந்தால் 100 ஜிபி கொடுங்கள். சில நேரம் பாதி வட்டு காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று காட்டும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஹைபர்னேஷன் (வேலையை வட்டில் சேமித்துவிட்டு அணைவது), பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) இரண்டையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. இந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பேராக்கில் மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்தால் இடி மின்னல்தான், கரண்டும் கூடவே போய்விடும். பழைய மடிக்கணினியில் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். பிளக்கில் கரண்ட் இல்லையென்றால் அந்த நொடியே அணைந்துவிடும். வட்டைச் சுருக்கும்போது அப்படி ஆனால் உள்ளதும் போகலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று முதலில் பாருங்கள். தாங்கவில்லையென்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து உட்காருங்கள்.

மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும். போன் டேட்டாவில் இறக்க வேண்டாம், வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தால், எதையும் இன்ஸ்டால் செய்யாமலே மின்ட் ஓடும். வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். பிறகு இன்ஸ்டால் கொடுக்கும்போது "விண்டோஸோடு சேர்த்து நிறுவு" என்ற பொருளில் ஒரு தேர்வு வரும், அதை எடுங்கள். வட்டை அழித்துவிட்டு நிறுவும் தேர்வும் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடவே கூடாது. வட்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் கணினியின் அடிப்படை அமைப்புகளில்) வட்டைக் கையாள இன்டெல் ஆர்.எஸ்.டி. முறை ஓடிக்கொண்டிருக்கலாம். அதை ஏ.எச்.சி.ஐ. என்ற இன்னொரு முறைக்கு அப்படியே மாற்றினால் விண்டோஸ் எழுந்திருக்காமல் போகலாம், தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. கணினியைத் திறந்ததும் கிரப் என்ற பட்டியல் வரும். பத்து விநாடிக்குள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுவே லினக்ஸுக்குள் போய்விடும். இங்கே ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா ஒருவர் வீட்டில் பேரன் மின்ட் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். மறுநாள் ஐயா கணினியைத் திறந்திருக்கிறார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அப்புறம் பார்த்தே இராத ஒரு முகப்பு. "தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சுப்பா, பேரப்பிள்ளைங்க படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு" என்று அழாக்குறையாகப் போன் செய்தார். படங்கள் எங்கும் போகவில்லை. ஆனால் அந்த ஒரு ராத்திரி அவர் தூங்கவில்லை.

அதனால் மகனிடம் சொல்லுங்கள்: வீட்டில் கணினி அதிகம் பழகாதவர் எதைத் திறப்பாரோ அதுதான் தானாக வர வேண்டும். கிரப் அமைப்புக் கோப்பில் டிஃபால்ட் என்ற வரியில் விண்டோஸின் வரிசை எண்ணைப் போட்டு, அப்டேட்-கிரப் கட்டளை கொடுத்தால் முடிந்தது. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மாலை 4 மணிக்குக் காலை 8 என்று காட்டுவது அதனால்தான். உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. லினக்ஸில் தமிழ் எழுதத் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் ஒலியியல் முறையும் உண்டு. யூனிகோடில் எழுதியது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திறக்கும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் பட்டியலே வராமல் போவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த ஓர் அப்டேட்டால் உலகம் முழுக்கப் பலருக்கு லினக்ஸ் பூட் ஆகாமல் நின்றது. வெறும் வரிசை மாறியிருந்தால், கணினி எழும்போது பூட் மெனுவைத் திறந்து தேர்ந்தெடுத்தால் போதும். நீங்கள் போட்டது மின்டாக இருந்தாலும் அங்கே உபுண்டு (மின்டுக்கு அடிப்படையான லினக்ஸ் வகை) என்றுதான் பெயர் இருக்கும், தேடிக் குழம்ப வேண்டாம். அதற்கும் சரியாகவில்லை என்றால், இன்ஸ்டால் செய்த அதே பென்டிரைவில் பூட் ரிப்பேர் என்ற கருவி இருக்கிறது. அந்தப் பென்டிரைவில் படம், பாட்டு எதையும் ஏற்றாமல் அப்படியே எடுத்து வையுங்கள்.